புதுப்பிப்பு: குதிகால் வலிக்கு பிபிசி-157 ஊசி போடலாமா என்று கேட்டிருந்தேன்

ஐந்து மாதத்துக்கு முன், கொழும்பு காலிமுகத்திடலில் ஓடி ஓடி வலது குதிகாலுக்கு மேலே தசைநாண் வீங்கிவிட்டது, வயிறும் எரிகிறது, இரண்டையும் ஆற்றும் என்று சொல்லப்படுகிற பிபிசி-157 (BPC-157) என்ற பெப்டைட்டை, அதாவது சிறு புரதத் துண்டை, ஊசியாகப் போடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக அந்த பிசியோ அக்காவுக்கு.

ஊசி போடவில்லை. நண்பர் வரவழைத்துத் தந்த குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள், லேபிளில் 'ஆய்வுக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல'. 15 அமினோ அமிலங்கள் கோத்த இந்தப் பெப்டைட்டைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளில்தான். போட்டிகளில் ஓடுகிறவர்கள் கவனிக்கவும், 2022 முதல் வாடாவின் (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) தடைப் பட்டியலிலும் இருக்கிறது.

பலன் தந்தது அக்கா சொன்ன பயிற்சிதான். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலை இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தரம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். முதல் இரண்டு வாரம் வலி கூடியது, விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். ஏழாவது வாரம் ஒரு காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது அந்த இறுக்கம் இல்லை. இப்போது 5 கிலோமீற்றர் ஓடுகிறேன்.

நான் எதிர்பார்க்காதது வயிறு. வலிக்கென்று நானாகவே பாமசியில் வாங்கி விழுங்கிய டைக்ளோஃபெனாக்தான் காரணம் என்றார் டொக்டர். அதை நிறுத்தச் சொல்லி வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் தந்தார், ஒரு மாதத்துக்குள் எரிவு நின்றுவிட்டது.