பிளக் மாற்றிய பிறகு செக் எஞ்சின் லைட் எரிகிறது, வண்டி நடுங்குகிறது

துறையூர்_ரோடு:
வணக்கம். என்னுடையது 2015 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். பழைய ஸ்பார்க் பிளக் (பெட்ரோலை எரிய வைக்கப் பொறி விடுவது) 40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டதால் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து நாலையும் புதிதாக மாற்றினேன், அதுவரை வண்டியில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தபோதே லேசான நடுக்கம். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரைக்கும் குலுக்கல் வருகிறது, பிக்கப்பும் குறைந்துவிட்டது, இப்போது மீட்டரில் அந்த ஆரஞ்சு எஞ்சின் லைட் அணையாமல் எரிகிறது. மேட்டில் அழுத்தி மிதித்தால் விட்டு விட்டு மின்னுகிறது. பட்டறையில் கேட்டால் ஏதோ சென்சார் போயிருக்கும், பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும் என்கிறார்கள். வார இறுதியில் குடும்பத்தோடு மதுரை போக வேண்டும். ஓட்டலாமா? சென்சார் வாங்கிப் போட்டுவிடட்டுமா?

நாலு_சிலிண்டர்:
மதுரைக்கு இந்த நிலையில் எடுக்காதீர்கள். லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறை வரைக்கும் போகலாம், ஆனால் மின்னுகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் கடுமையாக மிஸ் அடிக்கிறது, அதாவது உள்ளே பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அங்கே எரியாத பெட்ரோல் அப்படியே எக்ஸாஸ்ட் வழியாகப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும், உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பீங்கான் சூட்டில் உருகிவிடும். ஒரு பிளக் விலையில் முடிய வேண்டிய வேலை அங்கே போய் நின்றால் செலவு எத்தனையோ மடங்கு.

பேட்டரி வயரை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். கழற்றினால் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுது எண், அதாவது கோடு (code), அழிந்துவிடும், அது பதிவான நேரத்தில் எஞ்சின் எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்ற குறிப்பும் சேர்ந்து போய்விடும். பழுது அங்கேயேதான் இருக்கும், லைட் கொஞ்ச தூரம் ஓடியதும் திரும்ப வரும். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து புதிய கார்களுக்கு ஓபிடி 2 என்ற பழுது கண்டுபிடிக்கும் அமைப்பு கட்டாயம், அதனால் உங்கள் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் கண்டிப்பாக இருக்கும். புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கிச் செருகிப் போனில் கோடைப் படித்து இங்கே போடுங்கள். பி0300 என்றால் மிஸ் அடிப்பது ஒரே சிலிண்டரில் இல்லை. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0351 முதல் பி0354 வரை என்றால் பிளக்குக்கு வோல்டேஜ் தரும் காயில் அல்லது அதன் வயரிங்.

பட்டறை_அண்ணாச்சி:
மேலே சொன்னது சரி. நான் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு தம்பி. நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி வேலை பார்த்த பிறகு கெட்டால், வேலை பார்த்தபோது கை பட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளக்கை எட்ட ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப வைக்கும்போது பக்கத்தில் இருக்கும் ரப்பர் ஹோஸ் ஏதாவது சரியாக ஏறாமல் நின்றால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று பி0171 வரும். அப்புறம் நாலு காயில் கனெக்டரையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், டக் என்று லாக் விழும் சத்தம் கேட்க வேண்டும். பழைய வண்டிகளில் சூடு பட்டுப் பட்டு அந்த பிளாஸ்டிக் நாக்கு மொறுமொறுவென்று ஆகியிருக்கும், கழற்றும்போதே உடைந்துவிடும், பார்த்தால் மாட்டியிருக்கிற மாதிரிதான் தெரியும், வண்டி அதிரும்போது விட்டுவிட்டு ஒட்டும். காயிலை வெளியே எடுத்தால் பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஆயில் தேங்கியிருந்தால் எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவர் சீல் போயிருக்கிறது, அதுவும் மிஸ் அடிக்க வைக்கும்.

துறையூர்_ரோடு:
ஸ்கேனர் வாங்கிவிட்டேன். பி0303, பி0171 இரண்டும் காட்டுகிறது. கனெக்டர் எல்லாம் லாக் ஆகியிருக்கிறது, ஹோஸும் சரியாக இருக்கிறது, குழியில் ஆயில் இல்லை. 0171 என்று வந்திருப்பதால் பட்டறையில் இப்போது ஓ2 சென்சார் (எக்ஸாஸ்டில் ஆக்சிஜனை அளப்பது) மாற்றலாம் என்கிறார்கள்.

நாலு_சிலிண்டர்:
ஓ2 சென்சாரை வாங்காதீர்கள். மூன்றாவது சிலிண்டரில் எரிப்பு நடக்காவிட்டால் அங்கே போன காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் செலவாகாமல் வெளியே வரும், அதைப் பார்த்து சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று சொல்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பி0303 ஐத் தீர்த்தால் 0171 தானாகப் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மூன்றாவது காயிலை முதல் சிலிண்டரிலும் முதலாவதை மூன்றிலும் மாற்றிப் போடுங்கள். கோடை அழித்துவிட்டுப் பக்கத்துத் தெரு வரை ஓட்டுங்கள். பி0301 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0303 லேயே நின்றால் அதே மாதிரி பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். பிளக்கோடும் போகவில்லை என்றால்தான் இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிப்பது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) என்று போக வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை, எந்தப் பொருளை வாங்குவதற்கு முன்பும் இதைச் செய்துவிடுங்கள்.

மலைக்கோட்டை_டிரைவர்:
பிளக் டூப்ளிகேட்டா என்றும் பாருங்கள், சந்தையில் நிறைய ஓடுகிறது. நாலிலும் ஒரே நம்பர்தானா, அது வண்டி மேனுவலில் போட்டிருக்கும் நம்பர்தானா? என்ஜிகே பிளக்கில் கடைசியில் 11 என்று இருந்தால் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். கீழே விழுந்த பிளக்கில் இடைவெளி நசுங்கியிருக்கும். இரிடியம் போட்டிருந்தால் நீங்களாக நெம்பிச் சரிசெய்ய வேண்டாம், முனை கம்பி மெல்லியது, முறிந்துவிடும்.

துறையூர்_ரோடு:
காயிலை இடம் மாற்றியபோது பி0303 அப்படியே நின்றது. பிளக்கை இடம் மாற்றியதும் பி0301 ஆகிவிட்டது! அந்த பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் ஆறுமுக நட்டுக்குச் சற்று மேலே மயிரிழை போல ஒரு விரிசல், அங்கிருந்து மேலே வரைக்கும் பென்சிலில் கோடு போட்ட மாதிரி கறுப்பாக ஒரு தடம். நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. இடைவெளி, நம்பர் எல்லாம் சரி. ஆனால் ஐடிலில் (நின்றபடி ஓடும்போது) கொஞ்சமாகவும் மேட்டில் அதிகமாகவும் ஏன் தொந்தரவு செய்தது?

பட்டறை_அண்ணாச்சி:
சாக்கெட் ஸ்பானர் சாய்ந்து இறுக்கும்போது பீங்கானில் பக்கவாட்டில் அழுத்தம் விழுந்து வருகிற விரிசல் அது. மேட்டில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், முனையில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், அப்போது கரண்ட் உள்ளே போகாமல் அந்த விரிசல் வழியாக வெளிப்பக்கமாகவே இறங்கிவிடும். கறுப்புத் தடம் அப்படி இறங்கிய வழி.

முக்கியமான விஷயம், பிளக்கை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். அந்த பிளக் இருந்த காயில்களின் ரப்பர் பூட்டுக்குள் (boot, பிளக்கின் மேல் மாட்டும் உறை) டார்ச் அடித்துப் பாருங்கள், அதே மாதிரி கறுப்புத் தடம் உள்ளே இருந்தால் பூட்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது பிளக்கிலும் கரண்ட் அதே வழியில் இறங்கும். புது பிளக்கை முதலில் கையாலேயே ஏற்றுங்கள், ஸ்பானர் வைத்து ஆரம்பித்தால் அலுமினியம் ஹெட்டில் த்ரெட் போய்விடும். வாஷர் உட்கார்ந்ததும் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்கு உள்ளாக நிறுத்துங்கள், பிளக் பெட்டியில் படம் போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் இன்னும் நல்லது.

துறையூர்_ரோடு:
ஒரு பூட்டில் கறுப்புத் தடம் இருந்தது அண்ணாச்சி, அதையும் மாற்றிவிட்டேன். குலுக்கல் சுத்தமாக நின்றுவிட்டது, மேட்டில் பழைய பிக்கப் வந்துவிட்டது. பி0171 ம் திரும்ப வரவில்லை. இருவருக்கும் ரொம்ப நன்றி. ஸ்கேனரில் கோடை அழிக்க மறந்து ஓட்டியதால் லைட் மட்டும் இன்னும் எரிகிறது, பயப்பட வேண்டுமா?

நாலு_சிலிண்டர்:
பயமில்லை. தொடர்ந்து மூன்று டிரைவ் சைக்கிள் (ஸ்டார்ட் செய்து ஓட்டி நிறுத்துவது ஒன்று) மிஸ் இல்லாமல் ஓடினால் தானாக அணையும், ஸ்கேனரில் அழித்தாலும் சரிதான். மதுரைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை மேட்டில் முழு லோடோடு ஓட்டிவிட்டு, நிலுவையில் ஏதாவது கோடு நிற்கிறதா என்று ஸ்கேனரில் பார்த்துக்கொள்ளுங்கள்.