1978 புல்லட் 350 முழு வேலை: மெக்கானிக்குக்கு மொத்தமா பேசறதா, நாள் கூலியா?

தாராபுரம்_கிக்கர்:
வணக்கங்க. அப்பாரு பேர்ல இருக்கற வண்டி. ரொம்ப வருஷமா ஓடாம நிக்குது, கிக்கர் இறங்குது, கம்ப்ரஷன் இருக்குது. பழைய புல்லட் மெக்கானிக் ஒருத்தர் வீட்டுக்கே வந்து செஞ்சு தர்றேங்கறாரு. இன்ஜின், பெயின்ட், வயரிங் எல்லாத்துக்கும் ஒரே தொகையா கேக்கறாரு. ஒத்துக்கலாமுங்களா? எதை மொதல்ல செய்யோணும்?

போத்தனூர்_லேத்து:
இப்பவே தொகை பேசாதீங்க. இன்ஜினைப் பிரிக்காம உள்ள என்ன போயிருக்குதுன்னு அவருக்கும் தெரியாது. நடுவுல கிராங்க் போச்சுன்னு தெரிஞ்சா, ஒண்ணு காசு ஏறும், இல்லாட்டி அதையே போட்டு மூடிருவாங்க. இறக்கி, பிரிச்சு, கழுவி, அளக்கற வரைக்கும் நாள் கூலி. அளவு கைக்கு வந்தப்புறம் பூட்டற வேலைக்கு ஒரு தொகை. ஸ்பேர் நீங்களே வாங்குங்க. கழட்டின சாமான் ஒண்ணு விடாம சாக்குல போட்டு உங்க வீட்லயே இருக்கட்டும். பழைய மட்கார்டுத் தகரத்தோட கனம் இப்ப வர்றதுல இல்லீங்க.

போர்ங்கறது சிலிண்டரோட உள் அகலம், ஸ்டாண்டர்டு 70 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் 20, 40, 60னு வரும். 20ங்கறது இஞ்சுல ஆயிரத்துல 20 பங்கு, சுமார் அரை மி.மீ. கூட. ஏற்கெனவே 60 ஏறியிருந்தா சிலிண்டருக்குள்ள புது உள்குழாய் (ஸ்லீவ்) போடறதுதான் வழி. பிஸ்டனை மொதல்ல வாங்கி லேத்துல குடுத்து, அதை அளந்து போர் போடச் சொல்லுங்க. பிஸ்டனுக்கும் செவுத்துக்கும் நடுவுல கிளியரன்ஸ் கம்மியானா சூட்டுல பிஸ்டன் பிடிக்கும். கோயமுத்தூர்ல லேத்துக்குப் பஞ்சமில்லீங்க, ஆனா மோட்டார் பம்பு வேலையே பாக்கற எடத்துல வெறும் போர் மட்டும் போட்டு அனுப்பிருவாங்க. கல்லு வெச்சுத் தேச்ச (ஹோனிங்) குறுக்குக் கோடு செவுத்துல தெரியோணும். இல்லீன்னா ரிங் உக்காராது, வண்டி ஆயில் குடிக்கும்.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கற கனெக்டிங் ராடை மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்க. அந்த ஆட்டம் துளியும் ஆகாது. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடினா பரவால்ல. கிராங்கைத் திரும்பப் பூட்டறப்ப டயல் கேஜ் வெச்சு கோணாம நேராச் சுத்துதான்னு (ட்ரூ) பாக்கோணும். கண்ணுல பாத்துட்டு சரிங்கறவர்கிட்ட அந்த வேலைய மட்டும் குடுக்காதீங்க.

டைமிங் பக்கம், அதாவது கேம் பல்சக்கரம் இருக்கற பக்கம், ஆயில் பம்பைச் சுத்தற வார்ம் நட்டு இடது மரை. மத்த நட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினாத்தான் கழலும். இது தெரியாம உளி வெச்சு அடிச்சு நாசமாக்கின வண்டிக நெறைய. உங்க மெக்கானிக்கைச் சோதிக்கோணும்னா "அந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும்?"னு கேட்டுப் பாருங்க.

பாயின்ட்டு_பொள்ளாச்சி:
லேத்து அண்ணன் சொன்னதோட, பிளக்ல பொறி எப்ப விழோணுங்கற டைமிங்கையும் சேத்துக்கங்க. பொறிக்காகத் தொட்டுப் பிரியற காண்டாக்ட் பாயின்ட்டோட கேப் 0.35லிருந்து 0.40 மி.மீ. மொதல்ல கேப், அப்புறந்தான் டைமிங். மாத்திச் செஞ்சா கேப் வெச்சதும் டைமிங் நகந்துரும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கறப்ப, வேகம் ஏற ஏறப் பொறியை முந்த வெக்கற அட்வான்ஸ் வெயிட் சுருங்கியிருக்கறப்ப, பாயின்ட் பிரியோணும். பாயின்ட்டுக்கு நடுவுல சிகரெட் பேப்பரை வெச்சு லேசா இழுத்துக்கிட்டே இருங்க, அது நழுவற எடந்தான் கணக்கு. பிளக் ஓட்டை சாஞ்சிருக்கறதால கம்பி விட்டு அளந்தா தப்பும், ஹெட் மூடறதுக்கு முன்னாடியே அளந்துக்கங்க. அட்வான்ஸ் ஏறிப்போனா கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போயிரும்.

டேப்பட், அதாவது வால்வுக்கான இடைவெளி, இன்ஜின் ஆறியிருக்கறப்பத்தான் வெக்கோணும். வால்வைத் தள்ளற கம்பியான புஷ்ராடு விரல்ல சுலபமா சுத்தோணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது. சத்தம் வரக்கூடாதுன்னு இறுக்கினா வால்வு கருகும்.

எஃப்சி_ஈரோடு:
பெயின்ட்டுக்கு முன்னாடி காகிதத்தைப் பாருங்க. அப்பாரு இல்லீன்னா வாரிசுச் சான்றிதழோட படிவம் 31 குடுத்துப் பேர் மாத்தோணும். ஆர்.சி.யை 5 வருஷத்துக்குப் புதுப்பிக்க படிவம் 25. கலர் மாத்தினா அதையும் ஆர்.சி.ல ஏத்தோணும்.

சேஸிஸை சேண்ட் பிளாஸ்ட் பண்ணி பவுடர் கோட்டிங் குடுக்கறப்ப நம்பர் இருக்கற எடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்க. நம்பர் மங்கிட்டா எஃப்.சி.ல பதில் சொல்லி மாளாது. ஃபோர்க் கப் உக்கார்ற எடம், இன்ஜின் மவுன்ட் ஓட்டை இதையும் மறைக்கோணும், இல்லீன்னா கோட்டிங் கனத்துல எதுவும் உள்ள போகாது. நட்டு, போல்ட்டு நெறைய பிரிட்டிஷ் த்ரெட்டுங்க. மில்லிமீட்டர் நட்டை ஏத்தி முறுக்கினா மரை போச்சு.

தாராபுரம்_கிக்கர்:
நல்லதுங்க. கேட்டுட்டேன், "இடது மரை"ன்னு உடனே சொல்லிட்டாரு. பூட்டினப்புறம் மொத ஸ்டார்ட்டுக்கு என்ன பாக்கோணும்?

போத்தனூர்_லேத்து:
அப்ப ஆளு சரிங்க, விட்டுராதீங்க. பூட்டி கொஞ்ச நாள் நின்னா ஆயில் டேங்க்ல இருந்து கிராங்க் கேஸுக்கு எறங்கியிருக்கும். கிக்கர் கனமா இருந்தா அதான். அடியில இருக்கற போல்ட்டைக் கழட்டி வடிச்சுட்டு, 20டபிள்யூ50 புதுசா ஊத்துங்க. ஸ்டார்ட் ஆனதும் ஹெட்ல வால்வை அமுக்கற ராக்கருக்குப் போற ஆயில் பைப் போல்ட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. அங்க ஆயில் கசியாட்டி உடனே நிறுத்திட்டு ஆயில் பம்பு டிஸ்க்கைப் பாருங்க. கசிஞ்சா இறுக்கிட்டு ஓட விடுங்க. மொத தடவை நல்லாச் சூடாகி ஆறினப்புறம் ஹெட் நட்டுகளைக் குறுக்குக்குறுக்கா இன்னொருக்கா இறுக்கோணும். 500 கி.மீ. வரைக்கும் 50க்கு மேல முறுக்காதீங்க.