குட்டி ஸ்கூபா சிலிண்டர் முதல் கம்ப்ரஸர் குழாய் வரை: நீங்கள் பார்த்த பயனற்ற, ஆபத்தான டைவிங் கருவிகள்

சென்னை, டைவிங் பயிற்றுநர்:

கைப்பம்ப்போடு வரும் அரை லிட்டர் ஸ்கூபா சிலிண்டர் வாங்கலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம், கருவியைப் பற்றிப் பேசுவோம்.

போன சீசனில் புதுச்சேரியில், ஒரு கல்லூரித் தம்பி படகிலேயே பையிலிருந்து அந்தப் புட்டியை எடுத்தார். ஒரு முழம்கூட இல்லை. மேலே நேராக வாய்ப்பிடி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் பிரஷர் மீட்டர். அவரும் நண்பரும் மாறி மாறிப் பம்ப் அடித்தார்கள். சட்டை நனைந்து, பம்ப் கை வைக்க முடியாத அளவு சூடாகியும் முள் பாதியைத் தாண்டவில்லை. "இது போதும்ணே, அஞ்சு மீட்டர்தானே" என்றார். நான் இறங்க விடவில்லை. கோபித்துக்கொண்டார்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். அரை லிட்டர் புட்டியில் 200 பார் முழுதாக ஏறினாலும் கிடைப்பது 100 லிட்டர் காற்று. தண்ணீரில் அமைதியாக நீந்துபவருக்கே நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வேண்டும். தண்ணீருக்கு மேலே 5, 6 நிமிடம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே அதில் பாதிதான். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதுவும் நிற்காது. நாம் வழக்கமாக முதுகில் கட்டும் 80 கன அடி அலுமினிய சிலிண்டரில் சுமார் 2,200 லிட்டர் இருக்கிறது.

காற்று தீர்வது ஒரு பிரச்சினை. தீர்ந்ததும் அந்த ஆள் என்ன செய்வார் என்பதுதான் பெரிய பிரச்சினை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வார். ஆழத்தில் இழுத்த அழுத்தக் காற்று மேலே வர வர விரியும். வாயை மூடியிருந்தால் அது நுரையீரலைக் கிழிக்கும், இரத்தத்தில் குமிழியாகக் கலந்து மூளைக்குப் போகும். இதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை. ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டினாலே போதும் என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தருகிறோம். நீச்சல் குளத்திலும் நடக்கும். எந்த விளம்பரத்திலும் இதை நான் பார்க்கவில்லை. தெரிந்தவருக்கு அந்தப் புட்டி உதவாது, தெரியாதவரைக் கொல்லும்.

கொச்சி, பாய்மரப் படகு வைத்திருப்பவர்:

ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். என் படகின் புரொப்பெல்லரில் அடிக்கடி நைலான் வலை சுற்றிக்கொள்ளும். இன்ஜின் சாவியை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மேலே ஒருவரை நிற்கவைத்து, ஒரு கை படகைப் பிடித்தபடி மறு கையால் கத்தி போட்டு அறுக்க அந்தப் புட்டி எனக்கு உதவுகிறது. தலை நீருக்கு ஓரடி கீழேதான் இருக்கும். நான் முறையாகப் பயிற்சி எடுத்தவன். கருவியைக் குறை சொல்வதைவிட, அதைக் குடும்பத்தோடு விளையாடும் பொருளாக விற்பதைக் கண்டியுங்கள்.

சென்னை, டைவிங் பயிற்றுநர்:

பயிற்சி எடுத்தவர் கையில் அந்த வேலைக்கு இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புட்டியை கைப்பம்ப்பில் நிரப்பாதீர்கள் சார். ஈரம் வடிகட்டாமல் உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கும். டைவ் கடையில் நல்ல கம்ப்ரஸரில் நிரப்புங்கள்.

சிங்கப்பூர்:

மலேசியாவின் தியோமான் தீவுக்கு டைவிங் போகும் எங்கள் குழுவில் ஓயாத சண்டை 'ஸ்பேர் ஏர்' பற்றித்தான். அவசரத்துக்கென்று வைத்துக்கொள்ளும் குட்டிக் காற்றுப் புட்டி இது. தண்ணீரில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறுபவர்களும் இந்த வகையைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வேலைக்கு அருமை. 3 கன அடி மாடலில் 85 லிட்டர் காற்று. இதை இடுப்பில் மாட்டிக்கொண்டு 30 மீட்டர் இறங்கும் ஆளிடம் நான் கேட்பது இதுதான்: அங்கே அழுத்தம் 4 மடங்கு, பயத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுத்தால் 120 லிட்டர் ஆகிறது. உன் புட்டி முக்கால் நிமிடம்கூட வராது. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். மிச்சத்துக்கு எங்கே போவாய்?

பெரிய சிலிண்டரோடு உதிரியாகக் கட்டிக்கொள்ளும் 3 லிட்டர் போனி சிலிண்டர் என்றால் 600 லிட்டர். ஏறி வந்து, பாதுகாப்புக்காக 5 மீட்டரில் சற்று நின்று வரவும் போதும். தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவது தொல்லைதான். இருந்தாலும் நான் அதைத்தான் எடுத்துப் போகிறேன்.

தூத்துக்குடி:

எங்க வீட்டில் மூன்று தலைமுறையாகச் சங்குகுளிதான். நீங்கள் பேசுவதெல்லாம் விலைக்கு வாங்கும் கருவி. எங்கள் ஆட்கள் போவது வள்ளத்தில் வைத்த கம்ப்ரஸரை நம்பி. பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று அடிக்கும் அதே வகை. அதிலிருந்து நீளமான குழாய், குழாய் முனையை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். இன்ஜின் புகையும் கம்ப்ரஸர் காற்று இழுக்கும் வாயும் ஒரே பக்கம் இருக்கும். காற்று திசை மாறினால் புகை நேராகக் குழாய்க்குள்ளே போகிறது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூச்சுக் காற்றுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 12021 பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட அதன் வேகமும் கூடும். மேலே தலைவலியாகத் தெரிவது கீழே மயக்கமாகிவிடும். தலை கனக்கிறது, வாந்தி வருகிறது என்று ஒருவர் கயிற்றை ஆட்டிவிட்டு ஏறி வந்ததை நானே வள்ளத்தில் நின்று பார்த்தேன். உதடு நடுங்கியது, பேச்சு குழறியது. "வெயில்டா" என்றார்கள். வெயில் இல்லை அது.

இன்னொன்று, ஆழமானியும் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. காற்று மேலிருந்து வந்துகொண்டே இருப்பதால் மணிக்கணக்கில் கீழே இருக்கிறார்கள். அப்படி உடம்பில் ஊறும் நைட்ரஜன் ஏறி வரும்போது குமிழியாகும். கால் மரத்து நடக்க முடியாமல் போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களைக் குறை சொல்லாதீர்கள். வயிற்றுப்பாடு. நான் சண்டை போட்டுச் செய்யவைத்தது சின்னச் சின்ன விஷயம்: காற்று இழுக்கும் வாயைக் குழாய் போட்டு கம்பத்தின் உச்சிக்குக் கொண்டுபோவது, காற்று வரும் திசையில் வைப்பது, குழாய் அறுந்தால் நெஞ்சுக் காற்றை மேலே உறிஞ்சாமல் இருக்க வாய்ப்பக்கம் ஒரு வழி வால்வு, கையில் ஒரு சாதாரண டைவ் வாட்ச். கம்பத்து வேலைக்கு ஆன செலவு ஒரு நாள் டீசல் காசுகூட இல்லை. இதை முதலில் பேசுங்கள்.

திருகோணமலை:

தூத்துக்குடி அண்ணை சொன்னது எங்கட சுழியோடிமாருக்கும் பொருந்தும். நான் சொல்லப்போறது சின்ன விசயம். நிலாவெளியில இருந்து புறாமலைத் தீவுக்குப் போற சனத்தில கனபேர் நீச்சல் கண்ணாடியோட வருகினம். மேல மிதந்து பாக்கிறதெண்டா பிரச்சினை இல்லை. அதைப் போட்டுக்கொண்டு சுழியோடினால் உள்ளுக்க இருக்கிற காற்று சுருங்கும். மூக்கு வெளியில இருக்கிறதால அதுக்குள்ள காற்று ஊத ஏலாது. கண்ணை வெளிய இழுக்கும். ஒரு பெடியன் ஏறி வந்து கண்ணாடியைக் கழட்ட, வெள்ளை முழி முழுக்கச் சிவப்பு. தாய் குழறினவ. கிழமைக்கணக்கில தானா மாறினது, ஆனா அந்த மனுசிக்கு நித்திரை இல்லை. காதுக்குப் பஞ்சு, ரப்பர் அடைப்பு வைக்கிற ஆக்களும் இருக்கினம். அதோட கீழ போகவே கூடாது. அடைப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவில நிக்கிற காற்றை ஒண்டும் செய்ய ஏலாது.

மதுரை:

செவுள் மாதிரி தண்ணீரிலிருந்தே ஆக்ஸிஜன் பிரித்துத் தரும் கருவி வந்துவிட்டது என்று வாட்ஸப்பில் வீடியோ சுற்றுகிறதே, உண்மையா?

சிங்கப்பூர்:

இல்லை. 2016இல் 'ட்ரைட்டன்' என்ற பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் இண்டிகோகோ தளத்தில் 8 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். கேள்விகள் குவிந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே திரவ ஆக்ஸிஜன் இருக்கிறது என்று மறுபடி ஆரம்பித்தார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது 6, 7 மில்லிகிராம் ஆக்ஸிஜன். நீந்தும் ஆளுக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஆக்ஸிஜனாவது, அதாவது சுமார் 1,400 மில்லிகிராம் வேண்டும். நிமிடத்துக்கு 200 லிட்டர் தண்ணீரை ஒரு துளி விடாமல் பிழிய வேண்டும். வாயில் கடிக்கும் குழலால் ஆகாது. சுத்த ஆக்ஸிஜனாகவே வைத்துக்கொண்டாலும் 6 மீட்டருக்குக் கீழே அது வலிப்பு வரவைக்கக்கூடும்.

அந்தமான், ரெகுலேட்டர் சர்வீஸ் செய்பவர்:

வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் பொருளையும் நம்ப வேண்டாம். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும், நைலான் பின்னல் போட்ட மெல்லிய ஹோஸ் ஒன்று என்னிடம் வந்தது. மூச்சு இழுக்கக் கடினமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டரில் குறையில்லை. ஹோஸை நீளவாக்கில் அறுத்தால் உள்ளே மஞ்சள் படிகம் அடைத்திருந்தது. சில வகை பாலியூரித்தேன் உள்ளுறை வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து இப்படி ஆகும். டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கும் எச்சரித்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் காரின் டிக்கியில் கிடக்கும் ஹோஸை நினைத்துப் பாருங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஹோஸையும் சேர்த்தே கொடுங்கள்.

கோவை:

நான் அந்தக் குட்டி சிலிண்டரை ஏற்கெனவே ஆர்டர் போட்டு வந்துவிட்டது. பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள். என்ன செய்வது?

சென்னை, டைவிங் பயிற்றுநர்:

திருப்பி அனுப்ப முடிந்தால் இன்றே அனுப்பிவிடுங்கள். முடியாவிட்டால் வால்வை மெதுவாகத் திறந்து காற்றை விட்டு, வாய்ப்பிடியைக் கழற்றித் தனியே பூட்டி வையுங்கள். நீச்சல் குளம்தானே என்று கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு 10 வயது ஆகியிருந்தால் ஜூனியர் பயிற்சி உண்டு. அதற்குக் கீழே என்றால் மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் வாங்கிக் கொடுத்து நீங்களும் கூடவே இறங்குங்கள். மாஸ்க் மூக்கை மூடுவதாக இருக்க வேண்டும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கையை விட்டாலும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி.