சண்டிகரில் பியர் ஜான்னரே வீடு: அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

காவேரிப்பட்டணத்துக்காரர்:
வணக்கம். தை பிறந்ததும் வீட்டு வேலை தொடங்கப் போகிறோம். செங்கல்லைப் பூசாமல் அப்படியே விட எனக்கு ஆசை. கொத்தனார் அண்ணன் "மழைக்கு ஊறும், பூசிடலாம்" என்கிறார். அப்பாவும் அவர் பக்கம். அடுத்த மாதம் தங்கச்சியைப் பார்க்கச் சண்டிகர் போகிறோம். அங்கே பியர் ஜான்னரே என்ற கட்டிடக் கலைஞர் வாழ்ந்த, செங்கல்லைப் பூசாமல் விட்ட வீட்டைப் புதுப்பித்து மியூசியம் ஆக்கியிருக்கிறார்களாமே. யாராவது பார்த்தீர்களா? அப்பாவுக்குப் பிடிக்குமா?

கிருஷ்ணகிரி பழையபேட்டை:
கட்டாயம் கூட்டிப் போங்கள். செக்டார் 5, எண் 57. சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட கட்டிடக் கலைஞர் லெ கொர்புசியர் அந்த ஊருக்கு வந்து வந்து போனவர். அங்கேயே தங்கி வேலையை நடத்தியவர் அவருக்குத் தம்பி முறையான ஜான்னரே. தானே வரைந்த இந்த வீட்டில் 1954 முதல் 1965 வரை இருந்தார். 2017இல் மியூசியமாகத் திறந்தார்கள்.

உள்ளே அவர் செய்த நாற்காலிகள், கடிதங்கள், போட்டோக்கள் எல்லாம் உண்டு. அப்பாவை முதலில் வெளியே நிறுத்துங்கள். ஆற்றுக் கூழாங்கல் பதித்த சுவர், பக்கத்திலேயே இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி. நான் அந்த ஜாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நம் சூளைக் கல்லைவிட உசத்தி என்று சொல்ல முடியாது. ஆனால் பாயிண்டிங் (கல் இடுக்கில் கலவை நிரப்புவது) அவ்வளவு சுத்தம், கலவை ஓர் இடத்திலும் வழியவில்லை. சிமெண்டும் கம்பியும் அரிதாக இருந்த காலம், அதனால் கைக்குக் கிடைத்த செங்கல்லில் அதிகாரி வீடு முதல் பியூன் வீடு வரை கட்டினார்கள். அங்கே மழை நம் ஊரைவிட அதிகம் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

நமக்கு எதற்குக் கூழாங்கல்? குவாரியில் ஒதுக்கிப் போடும் கருங்கல் துண்டே போதும். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு வாசலுக்கு டைல்ஸ் ஒட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தர்மபுரி சைட் இன்ஜினியர்:
கொத்தனார் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. நன்றாகக் காய்ந்த செங்கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் அந்தச் சூளை வேண்டாம். சன்ஷேடை நன்றாக நீட்டி, அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி (நீளப் பள்ளம்) விடச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்துக்காரர்:
ரொம்ப நன்றி. திங்கட்கிழமை திறந்திருக்குமா?

கிருஷ்ணகிரி பழையபேட்டை:
திங்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்படியே லெ கொர்புசியர் வரைந்த சட்டமன்றம், உயர்நீதிமன்றம் எல்லாம் இருக்கும் கேபிடல் காம்ப்ளெக்ஸும் பாருங்கள்; அடையாள அட்டை கட்டாயம்.