அல்லி ராஜ்ஜியம் எங்கிருந்து வந்தது?

நிவேதா: பரீட்சை முடிந்தது! லீவுக்கு ஒரு நீளமான கதை சொல்லுங்கள். ஃபேன் ஃபிக்‌ஷனாக இருந்தால் ரொம்ப நல்லது. நாயகி வாளெடுத்துச் சண்டை போட வேண்டும்.

செல்வம் மாமா: ஃபேன் ஃபிக்‌ஷன் என்றால் என்னம்மா?

நிவேதா: ஏற்கெனவே இருக்கும் கதையிலிருந்து ஆட்களை எடுத்து, ரசிகர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் புதுக்கதை எழுதுவது மாமா.

கலா சித்தி: அப்படியானால் அல்லி அரசாணி மாலை படி, நிவி. பாரதத்து அர்ச்சுனனை மதுரைக்கு வரவழைத்த கதை. வியாச பாரதத்தில் அல்லி என்று யாரும் கிடையாது. அவள் நம் ஊர்ப் பாட்டுக்காரர்களுக்குப் பிறந்தவள்.

தினேஷ்: அத்தை, அது பழைய சினிமா இல்லையா?

கலா சித்தி: சினிமா பின்னால் வந்தது. இது ராகம் போட்டுப் பாடிய கதை. கொட்டை எழுத்தில் அச்சடித்து, ‘பெரிய எழுத்து’ என்று போட்டு விற்பார்கள். அம்மாச்சி ராத்திரி இதை வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அட்டையில் புகழேந்திப் புலவர் பெயர் இருக்கும். நளவெண்பா பாடியவர்தான் இதையும் பாடினார் என்பதை ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. நடையே வேறு.

செல்வம் மாமா: நிவி, உன் அத்தை வீட்டில் நடத்துவது அல்லி ராஜ்ஜியம் என்று நான் சொல்வேனே, அந்த அல்லியா?

கலா சித்தி: அவளேதான் அண்ணா. நாம் கேலிக்குச் சொல்கிறோம். கதையில் அது நிஜமான ராஜ்ஜியம். பாண்டியனிடமிருந்து ஆட்சியைப் பறித்த நீன்முகனைச் சின்ன வயதிலேயே போரில் கொன்று மதுரையை மீட்கிறாள். அவளைச் சுற்றிப் பெண்கள் படைதான். ஆண் வாடையே ஆகாது.

நிவேதா: சித்தி!! இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை? அர்ச்சுனன் எப்போது வருகிறான்?

கலா சித்தி: அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு வருகிறான். நேரே ஜெயிக்க முடியவில்லை. கண்ணன் பாம்பாட்டியாக வந்து, அர்ச்சுனனைப் பாம்பாக்கி அரண்மனைக்குள் விடுகிறான். ராத்திரி அவள் தூங்கும்போது அர்ச்சுனன் தாலி கட்டிவிடுகிறான்.

நிவேதா: தூக்கத்திலா? அவளைக் கேட்காமலா? எனக்குப் பிடிக்கவில்லை.

கலா சித்தி: எனக்கும் அந்த இடம் ஆறவே ஆறாது. ஆனால் பாட்டு அதை மூடி மறைப்பதில்லை. விடிந்து பார்த்த அல்லியின் கோபத்தைப் பக்கம் பக்கமாகப் பாடுகிறது. படை திரட்டிக்கொண்டு கிளம்புகிறாள். கடைசியில் கல்யாணம்தான், புலந்திரன் என்று மகன் பிறக்கிறான். அதற்காக அந்தக் கோபத்தைப் பாட்டுக்காரர் குறைத்துச் சொல்லவில்லை. நான் திரும்பத் திரும்பப் படிப்பதே அந்தப் பகுதியைத்தான்.

தினேஷ்: இதற்கு அடுத்த பாகம் உண்டா அத்தை?

கலா சித்தி: உண்டு. புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்கிறான். பவளம் தேடிப்போன அர்ச்சுனன் அங்கே பவளக்கொடி என்ற பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். அது பவளக்கொடி மாலை. ஏணியேற்றம் என்று இன்னொரு கதையும் உண்டு, அதில் துரியோதனன் ஏணியில் மாட்டிக்கொண்டு தவிப்பான். நிவி, அல்லி கதையை முடித்துவிட்டு அதைப் படி.

நிவேதா: தமிழ் கஷ்டமாக இருக்குமா?

கலா சித்தி: சொற்களைச் சேர்த்து அச்சடித்திருப்பார்கள், முதல் பத்துப் பக்கம் திக்கும். மனதுக்குள் படிக்காதே, வாய்விட்டுப் படி. சொன்னதையே திரும்பச் சொல்கிறதே என்று சலித்துக்கொள்ளாதே. பாடும்போது அந்தத் திரும்பல்தான் மூச்சு வாங்க இடம் கொடுக்கும். பழைய பதிப்பின் ஸ்கேன் இணையத்தில் இருக்கிறது. அம்மாச்சியின் புத்தகமும் என்னிடம்தான் இருக்கிறது. அட்டை போய்விட்டது, உள்ளே எல்லாப் பக்கமும் பத்திரம்.

நிவேதா: எனக்கு அந்தப் புத்தகம்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுகிறேன். அதுவரை கொஞ்சம் பாடி அனுப்புங்கள் சித்தி.

கலா சித்தி: 🎤 குரல் பதிவு 1:12

செல்வம் மாமா: அம்மா இழுக்கிற அதே இழுப்பு. நிறுத்தாதே கலா, நீன்முகன் விழுகிற இடம் வரைக்கும் பாடு.