வெனிசில் பெயர் மாறினால் பின்மார்க்கில் என்ன மாறும்?

வாய்க்கால்:
ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்துகிறது. இத்தாலியின் வெனிசில் நடக்கும் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றுக்கும் பொதுவாக ஒரு கூடம் உண்டு. நோர்டிக் கூடம் என்பார்கள். 2022இல் மட்டும் அதற்குச் 'சாமி கூடம்' என்று பெயர் வைத்தார்கள். வடக்கே துருவ மான் மேய்க்கும் பழங்குடிகளான சாமி மக்களில் மூன்று கலைஞர்களுக்கு முழுக் கூடத்தையும் கொடுத்தார்கள். நார்வே பக்கத்திலிருந்து போனவர் மாரெட் ஆன்னே சாரா. எங்கு பார்த்தாலும் பாராட்டு.

சரி, அதற்கு முன்னால் நடந்தது என்ன? நார்வேயின் வடகோடியில் உள்ள பின்மார்க்கில் அவருடைய தம்பியிடம் 116 மான்கள் இருந்தன. மேய்ச்சல் நிலம் தாங்காது, 75 ஆகக் குறை என்றது அரசு. தம்பி வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயித்தார், மேல்முறையீட்டிலும் ஜெயித்தார். அரசு விடவில்லை. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தம்பியை நீதிமன்றத்தில் தோற்கடித்த அரசின் பணத்தில் அக்காவுக்கு வெனிசில் மேடை. அந்த அழைப்பை அவர் ஏற்றிருக்கக் கூடாது என்பது என் கட்சி.

தறிக்காரி:
வாய்க்கால், வரிசையை நடுவில் இருந்து தொடங்கிவிட்டீர்கள். 2016இல் வழக்கு நடந்த ஊரில், நீதிமன்றத்துக்கு வெளியே, வெட்டி இறக்கிய 200 மான் தலைகளைக் குவித்து வைத்தவர் இதே சாரா. உச்சியில் நார்வே கொடி. அவரை அப்போது யாரும் அழைக்கவில்லை. அடுத்த வருடம் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமெண்டா என்ற பெரிய கலைக் கண்காட்சியில் 400 மண்டை ஓடுகளைக் கோத்துத் திரைச்சீலை போலத் தொங்கவிட்டார். உச்ச நீதிமன்ற வழக்கு நடந்த டிசம்பரில் அதே திரை ஓஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன்னால் நின்றது. இன்று அது தேசிய அருங்காட்சியகத்தின் நுழைவாயிலில் தொங்குகிறது.

காசலுக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்தத் திரையைத் தேசிய அருங்காட்சியகம் வாங்கியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? வெளியூரில் பேச்சு கிளம்பினால்தான் உள்ளூரில் கதவு திறக்கும். கைத்தறித் தொழிலில் முப்பது வருடமாக நான் பார்த்துவருவதும் இதைத்தான்.

செம்மண்:
இரண்டு பேரும் வழக்கை மட்டுமே பேசுகிறீர்கள். கூடத்துக்குள் என்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கட்டிடமே ஒரு அழகு. நார்வேயின் ஸ்வெர்ரே ஃபேன் வடிவமைத்தது, 1962இல் முடிந்தது. அங்கே நின்ற மரங்களை வெட்டாமல் கூரையில் இடம் விட்டு, அவற்றைச் சுற்றியே கட்டினார். அதற்குள் சாரா காய்ந்த மான் இரைப்பைகளைத் தைத்துத் தொங்கவிட்டார். தானாக இறந்த கன்றுகளைப் பதப்படுத்திப் புல்பூண்டுகளோடு அந்தரத்தில் சுழலவிட்டார். கூடவே இரண்டு வாசனைகள், ஒன்று பயத்தின் வாசனை, இன்னொன்று நம்பிக்கையின் வாசனை. வாசனைத் திரவியம் செய்பவரோடு சேர்ந்து உருவாக்கியவை அவை. ஸ்வீடன் பக்கத்து ஆண்டெர்ஸ் சுன்னா, தன் குடும்பம் மான் மேய்க்கும் உரிமைக்காக அரசோடு மல்லுக்கட்டிய ஐம்பது வருடக் கதையை ஓவியங்களாக வரைந்து, வழக்குக் காகிதங்களையும் அடுக்கி வைத்தார்.

என் ஆதங்கம் வேறு. இந்த நாட்டுக் கூடம் என்ற ஏற்பாடே எதற்கு? 1892இல் நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் பெர்லினுக்குப் போனது எந்தக் கொடியின் கீழும் இல்லை, அங்கிருந்த ஓவியர் சங்கம் அழைத்தது. படங்களைப் பார்த்துக் கொதித்துப்போய் ஒரே வாரத்தில் கண்காட்சியை இழுத்து மூடினார்கள். அந்த ரகளைதான் அவரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது. 2015இல் நார்வே சார்பில் வெனிசில் நின்ற கமீல் நோர்மென்ட் அமெரிக்காவில் பிறந்தவர். கலையே எல்லையை மதிக்காதபோது பாஸ்போர்ட் எதற்கு?

வாய்க்கால்:
செம்மண், முங்கை அரசு அனுப்பவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதுதான் என் கட்சியும். வெளிநாடு போகட்டும், அரசின் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம்.

வடக்குக்கரை:
வணக்கம். நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். அதற்கு முதல் பின்மார்க்கில் மீன் ஆலையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். எங்களுடைய ஆட்கள் நிறையப் பேர் நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே மீன் வெட்டியவர்கள்தான்.

எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு அக்கா நின்று வேலை செய்வா. இரண்டு வருடம் கழித்துத்தான் அவ சாமி என்று எனக்குத் தெரியவந்தது. அதுவும், தாயோடு தொலைபேசியில் கதைத்தது தற்செயலாக என் காதில் விழுந்தபடியால். ஆட்கள் பக்கத்தில் நின்றால் அந்த மொழியை வாயிலேயே எடுக்கமாட்டா. பள்ளிக்கூடத்தில் பேச விடாமல் வளர்த்த தலைமுறை.

அருங்காட்சியகத்துக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் அந்தத் திரைதான். ஒவ்வொரு மண்டை ஓட்டிலும் நெற்றியில் துப்பாக்கிக் குண்டின் ஓட்டை. வெள்ளையில் இருந்து பழுப்பு வரை நிறம் பார்த்து அடுக்கி, தூர நின்று பார்த்தால் சாமிக் கொடி மாதிரித் தெரியும்படி செய்திருக்கிறா. "அப்பா, இந்த ஓட்டை எல்லாத்திலயும் ஒரே இடத்தில ஏன்?" என்று பிள்ளை கேட்டாள். எனக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வாய்க்கால் தம்பி, அரசின் காசு என்றாலும் அந்த இடத்தில் அது தொங்கத்தான் வேண்டும். ஆலையில் வாய் திறக்காத அந்த அக்காவுக்காகச் சொல்கிறேன்.

தறிக்காரி:
வடக்குக்கரை அண்ணா, நன்றி. படிக்கும்போது தொண்டை அடைத்தது.

நார்வேக் கலை வெளிநாடு போவதைப் பேசினால் எனக்கு முதலில் வருவது ஹன்னா ரிக்கன். ஸ்வீடனில் பிறந்து, நார்வேயின் ஓர்லாந்தில் ஒரு பண்ணையில் இருந்து நெய்தவர். நூலையும் அவரே நூற்று, சாயமும் அவரே போட்டார். நீலச் சாயத்துக்கு மூத்திரம் வேண்டும் என்பதால் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம்கூடக் கேட்டு வாங்கிச் சேர்ப்பாராம். அவுரியைப் புளிக்கவைத்துப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பொறுமை கேட்கிற வேலை என்று தெரியும். எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்ததும், ஈட்டியில் குத்திய முசோலினி தலையோடு ஒரு பெரிய திரைச்சீலை நெய்தார். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் நார்வேக் கூடத்தில் அது தொங்கியது. 1964இல் வெனிசுக்கும் போனார். அரசின் கூடத்துக்குள் நின்றுகொண்டே சர்வாதிகாரியை ஈட்டியில் ஏற்ற முடிந்திருக்கிறது!

வாய்க்கால்:
அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம், பாரிசில் நடந்ததைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அந்தத் தலையும் ஈட்டியும் இருந்த பகுதியை மடித்து மறைத்துத்தான் அங்கே தொங்கவிட்டார்கள். இத்தாலிக்கு வலிக்குமாம். அரசின் கூடம் என்றால் மடிப்பு எங்காவது இருக்கும். நான் சொல்வது அதைத்தான்.

2022க்கு வாருங்கள். நார்வேயின் ஃபோசென் பகுதியில் காற்றாலைகளுக்குக் கொடுத்த உரிமம் சாமி மேய்ப்பர்களின் உரிமையை மீறுகிறது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வெனிசில் சாமி கூடம் திறந்திருந்த மாதங்களிலும் அந்தக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. 2023 பிப்ரவரியில் இளைஞர்கள் அமைச்சகத்துக்குள்ளேயே போய் உட்கார வேண்டி வந்தது. வெனிசில் பெயர்ப்பலகையை மாற்ற முடிந்த அரசுக்கு, தன் நீதிமன்றத்தின் தீர்ப்பை நிறைவேற்ற முடியவில்லை.

தறிக்காரி:
மடித்ததைச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்புதான். ஆனால் மடித்தவர்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. 2012 டாக்குமெண்டாவில் உலகம் மறுபடி ரிக்கனைத் தேடிப் போய்ப் பார்த்தது. அந்தக் கூடத்துக்கே அவர் போயிருக்காவிட்டால் மடித்தார்கள் என்று பேச இன்று உங்களுக்கும் ஒன்றும் இருந்திருக்காது. ஃபோசென் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். அதை அரசிடம் காட்டுங்கள், கலைஞரிடம் கணக்குக் கேட்காதீர்கள்.

செம்மண்:
2025 அக்டோபரில் லண்டனில் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்தில் சாரா வேலை வைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நாட்டுக் கூடமும் இல்லை, கொடியும் இல்லை. மான் தோல்களை மின்கம்பிகளால் இறுக்கிக் கட்டி உயரத் தூக்கியிருந்தார். இன்னொரு பக்கம், துருவ மானின் மூக்குக்குள் இருக்கும் அமைப்பைப் போல ஒரு சுழல்பாதை. உறையும் குளிர்க்காற்றின் வெப்பத்தை ஒரு நொடிக்குள் 80 டிகிரி அளவுக்குக் கூட்டும் மூக்கு அது! வாய்க்கால் கேட்கிற வழி இதுதானே?

வாய்க்கால்:
இதுதான். ஆனால் வெனிஸ் இல்லாமல் லண்டன் வந்திருக்குமா என்று அக்கா கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கலைஞர் ஏற்கக் கூடாது என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். அரசு அந்தப் பெருமையில் பங்கு கேட்கக் கூடாது என்பதை மட்டும் விடமாட்டேன்.

வடக்குக்கரை:
நேற்று அந்த அக்காவோடு கதைத்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறா. லண்டன் வேலையின் பெயரில் 'கொஆவ்வி' என்ற சொல்லும் இருக்கிறது என்று சொன்னேன். பனி உருகித் திரும்ப உறைந்து, மேலே பனிக்கட்டி ஓடு மாதிரிப் பிடித்து, மான்களுக்குக் கீழே உள்ள தீவனம் எட்டாமல் போகும் காலத்துக்கு அவர்களுடைய சொல். அந்தச் சொல்லை லண்டனில் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று இரண்டு தரம் கேட்டா. படத்தை அனுப்பிவிட்டேன்.