அண்ணன் கட்சியா, தம்பி கட்சியா? கிங்க்ஸ் ரசிகர்களோடு பட்ட பாடு

வட லண்டனில் ஃபார்ட்டிஸ் கிரீன் சாலையில் கிளிசோல்ட் ஆர்ம்ஸ் என்று ஒரு பப் இருக்கிறது. கிங்க்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் சகோதரர்கள், பாட்டெழுதிப் பாடிய அண்ணன் ரே டேவிஸும் கிட்டார் வாசித்த தம்பி டேவ் டேவிஸும் வளர்ந்த வீடு அதற்கு எதிரில்தான். சிறுவர்களாக அவர்கள் முதன்முதலில் ஊரார் முன் வாசித்ததும் இந்தப் பப்பில்தான். உள்ளே ஒரு பகுதி முழுக்கக் குழுவின் படங்களும் இசைத்தட்டுகளும். அங்கே உட்கார்ந்து கிங்க்ஸ் என்ற பெயரை எடுத்தால் போதும், பக்கத்து மேசையிலிருந்து யாராவது வழக்காட வந்துவிடுவார்கள்.

நான் சந்தித்தவர்களில் மறக்க முடியாதவர் ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர். 'யூ ரியலி காட் மீ' பாட்டின் நடுவே வரும் கிட்டார் தனியிசையை வாசித்தவர், பின்னால் லெட் செப்பலின் குழுவில் புகழ்பெற்ற ஜிம்மி பேஜ்தான் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். இது அறுபது வருடப் பொய். பேஜ் தாமே பலமுறை மறுத்துவிட்டார். வதந்தி கிளம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 1964 ஜூலையில் தயாரிப்பாளர் ஷெல் டால்மி இந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது டிரம்ஸ் வாசித்தவர் கூலிக் கலைஞர் பாபி கிரஹாம். குழுவின் டிரம்மர் மிக் ஏவரிக்குக் கிடைத்தது தம்பூரின் என்ற சலங்கை வைத்த கைத்தட்டு மட்டுமே. டிரம்ஸுக்கு வெளியாள் என்றால் கிட்டாருக்கும் வெளியாள்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம், அன்றைக்கு டேவுக்கு வயது 17. எல்பிகோ என்ற பச்சை நிறச் சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வைத்திருந்தான். அதன் ஒலிபெருக்கிக்குள் இருந்த காகிதக் கூம்பைப் பிளேடால் கீறினான். அதை வாக்ஸ் ஏசி30 என்ற பெரிய பெட்டியோடு இணைத்தான். கீறல் விழுந்த காகிதம் படபடக்கும் அந்தக் கரகரப்பில்தான் பின்னால் வந்த கனத்த ராக் முழுவதும் பிறந்தது என்று சொன்னால் பெரிய மிகையில்லை. வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவினர் 1978இல் இதே பாட்டோடு கிளம்பி வந்தார்கள். இவ்வளவையும் சொன்ன பிறகு மின்பணியாளர் யோசித்துவிட்டு, "சரி, கீறியது டேவ். வாசித்தது பேஜ்" என்றார். இவரோடு என்ன பேசுவது?

இரண்டாமவர் முன்னாள் நூலகர். இவர் பக்கா அண்ணன் கட்சி. கிங்க்ஸ் என்றால் ரே, ரே என்றால் பாட்டு வரிகள், மற்றதெல்லாம் பக்கவாத்தியம் என்பது அம்மையாரின் தீர்ப்பு. 'வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி' ஆல்பம்தான் அவருக்கு வேதம். 12 பாடல்களோடு தயாராக இருந்த தொகுப்பை ரே நிறுத்திவைத்து 15 பாடல்களாக்கினார். 1968 நவம்பர் 22 அன்று அது வெளியானது. பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பமும் அதே நாளில் கடைக்கு வந்தது. ஆண்டவன் சோதனை. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலிலும் இடமில்லை, அமெரிக்கப் பட்டியலிலும் இடமில்லை. ஆனால் இன்றைக்கு அந்தக் குழுவின் சிகரம் எது என்று கேட்டால் விமர்சகர்களில் பாதிப்பேர் இதைத்தான் காட்டுவார்கள். இதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை.

'வாட்டர்லூ சன்செட்' பேச்சு வந்தபோதுதான் மோதினோம். கவிதைக்காகவே அந்தப் பாட்டு வாழ்கிறது என்றார். நான் கேட்டேன்: அம்மா, அந்தக் கவிதையைப் பதிவு முடியும்வரை ரே குழுவினரிடம் காட்டவே இல்லையே? நாட்குறிப்பைப் பிறர் படிப்பதுபோல் கூச்சமாக இருந்ததாம். அப்படியானால் பாட்டு எதைப் பற்றியது என்றே தெரியாமல்தான் மற்றவர்கள் வாசித்திருக்கிறார்கள். தொடக்கத்தில் படிப்படியாக இறங்கிவரும் பீட் குவைஃபின் பேஸ் கிட்டார், அதன் மேல் டேவ் எதிரொலி வைத்து வாசிக்கும் அந்தப் பழைய பாணி மீட்டல், பின்னணியில் எழும் மெல்லிய குரல்கள், இவையெல்லாம் வரிகளுக்கு முன்பே வந்துவிட்டன. அந்தக் குரல்களில் மேலே மிதப்பது ரேயின் அன்றைய மனைவி ராசாவுடையது. கிங்க்ஸின் மரபு பற்றி எழுதுகிறவர்கள் அவர் பெயரை எழுதுவதே அபூர்வம். 'சர்' பட்டம் அண்ணனுக்கு 2017இல் கிடைத்தது. தம்பிக்கும் மற்றவர்களுக்கும் ரசிகர்கள் தரும் இடம்கூட இல்லை என்றால் எப்படி?

அம்மையார் இறங்கி வரவில்லை. பாட்டில் வரும் டெரியும் ஜூலியும் டெரன்ஸ் ஸ்டாம்ப், ஜூலி கிறிஸ்டி என்ற நடிகர்களா இல்லையா என்ற பழைய பஞ்சாயத்துக்குப் பேச்சு திரும்பியதும் நான் எழுந்துவிட்டேன். அவர்கள் இல்லை என்று ரேயே எழுதிய பிறகு அதில் வாதாட என்ன இருக்கிறது?

*

மேலே எழுதிய அண்ணா, தம்பி டேவுக்காக நீங்கள் வக்காலத்து வாங்கியது படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் ஒரு பாட்டை விட்டுவிட்டீர்கள்: 'சீ மை ஃபிரெண்ட்ஸ்'. அதை வைத்துப் பார்த்தால் நான் ரேயின் பக்கம், அண்ணன் கட்சிதான்.

பழைய இசைத்தட்டுச் சந்தை ஒன்றில் பீட்டில்ஸ் வெறியர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டேன். பிரிட்டிஷ் பாப்புக்குள் இந்திய வாடையைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹாரிசன், பேச்சே இல்லை என்றார். அவர் சிதார் வாசித்த 'நார்வீஜியன் வுட்' வெளியானது 1965 டிசம்பரில், கிங்க்ஸின் பாட்டு அதே வருடம் ஜூலையில் வந்துவிட்டது என்றேன். ஜனவரியில் ஆஸ்திரேலியா போகும் வழியில் குழு பம்பாயில் இறங்கியிருக்கிறது. விடியற்காலையில் மீனவர்கள் வேலைக்குப் பாடிக்கொண்டே போவதை ரே கேட்டிருக்கிறார். அந்த ஓசைதான் லண்டனுக்குத் திரும்பி வந்து பாட்டானது. வெறியர் விடவில்லை. "யார்ட்பேர்ட்ஸ்?" என்றார். நியாயமான அடி. அந்த பிரிட்டிஷ் குழுவின் 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' ஜூனிலேயே வந்துவிட்டது. முதலில் சிதார் வைத்துப் பார்த்து, பிறகு அவர்களுடைய கிட்டார்காரர் ஜெஃப் பெக் கிட்டாரிலேயே அந்த ஓசையை வரவழைத்த பாட்டு அது.

இருந்தாலும் எனக்கு இரண்டும் ஒன்றல்ல. யார்ட்பேர்ட்ஸ் பாட்டில் இந்தியா ஒரு மெட்டுத் துணுக்கு, வந்து தலைகாட்டிவிட்டுப் போய்விடும். 'சீ மை ஃபிரெண்ட்ஸ்' பாட்டில் சிதாரே இல்லை. ஆனால் தம்புராவின் சுருதிபோல ஒரு ரீங்காரம் அடியில் விடாமல் ஓடுகிறது, ரேயின் குரலும் அதை விட்டு விலகாமல் இழுக்கிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். அந்தச் சந்தையிலேயே விற்பனையாளரிடம் கெஞ்சித் தட்டைச் சுழலவிட்டோம். வெறியர் கடைசிவரை கேட்டார். பிறகு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 10ஆம் இடத்தோடு நின்றுவிட்டதே" என்றார். பட்டியல் இடத்தை வைத்துப் பாட்டை அளக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

*

மேலே எழுதிய நீங்கள் இருவருமே லண்டன்காரர்களின் கிங்க்ஸைப் பற்றிப் பேசுகிறீர்கள். அமெரிக்காவில் வேறொரு கிங்க்ஸ் இருக்கிறார்கள் என்று ஒரு பயணி எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வாட்டர்லூ பாலத்தில் சூரியன் மறைவதைப் படமெடுக்க வந்திருந்தவர் அவர். மேகம் மூடிக்கொண்டது. பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு 1968 ஆல்பம் பெயரளவில்தான் தெரியும். 1965 சுற்றுப்பயணத்துக்குப் பிறகு அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1969 வரை குழுவை உள்ளே விடவில்லை என்பது அவருக்கு ஊர்க்கதை. அவருடைய கிங்க்ஸ், 1979இல் 'லோ பட்ஜெட்' ஆல்பத்தோடு பெரிய விளையாட்டு அரங்குகளை நிரப்பியவர்கள். "உங்கள் ஊர் கைவிட்ட குழுவை நாங்கள்தான் காப்பாற்றினோம்" என்றார். உண்மையைச் சொன்னால், எழுபதுகளின் கடைசியில் இங்கே அவர்களைச் சீண்ட ஆளில்லை. தி ஜாம், பிரிடெண்டர்ஸ் போன்ற இளைய குழுக்கள் பழைய பாடல்களைப் பாடித்தான் பெயரை உயிரோடு வைத்திருந்தார்கள்.

அவருக்கு மிகப் பிடித்த பாட்டு 'கம் டான்சிங்'. 1983இல் அமெரிக்கப் பட்டியலில் 6ஆம் இடம் வரை போன பாட்டு. கேட்டால் குதூகலமாக இருக்கும். அதன் பின்னணி அவருக்குத் தெரியவில்லை. பாலத்தின் வடக்கு முனையில் இறங்கி, ஸ்ட்ராண்ட் சாலையைத் தாண்டி அவரை அழைத்துப் போனேன். சில நிமிட நடைதான். லைசியம் அரங்கம். 1957இல் அது நடனக்கூடம். ரேயின் அக்கா ரெனே குழந்தைப் பருவக் காய்ச்சலால் இதயம் பழுதுபட்டவர். ஆடக்கூடாது என்று சொல்லியிருந்தும் ஆடப் போவார். தம்பியின் 13ஆம் பிறந்தநாளுக்கென்று முதல் கிட்டாரை வாங்கிக் கொடுத்துவிட்டு அன்றிரவு இங்கே ஆட வந்தவர், ஆடிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார்.

பயணி தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் 'லயன் கிங்' பார்க்க வந்த பிள்ளைகள் கூட்டம். அண்ணனா தம்பியா என்று ரசிகர்கள் கேட்கிறார்கள், நான் அக்காவைச் சேர்ப்பேன் என்று அவரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார். ஆனால் ரயில் நிலையம் வரும்வரை, 'லோ பட்ஜெட்' தான் அவர்களுடைய தலைசிறந்த ஆல்பம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை.